அண்ணன் குரல் இருந்த டிஸ்க்

திருக்காட்டுப்பள்ளியில் ஆனந்தவல்லி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மைக்செட்டுக்காரம்மா வீடு என்று கேட்க வேண்டும். கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பயப்படாம உள்ள போங்க, நாய் கட்டித்தான் இருக்கு. அந்தம்மாகிட்ட மட்டும் கம்ப்யூட்டர் பத்தி எதுவும் கேட்டுடாதீங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கொடுப்பார்கள். எச்சரிக்கை நியாயமானதுதான். அவர் என் அண்ணி. இந்த இரண்டு வருஷமாக அவர் என்னிடம் பேசிய பேச்சில் முக்கால்வாசி ஹார்டு டிஸ்க்கைப் பற்றியது. நான் விளம்பர ஆட்டோ ஓட்டுகிறவன், கொஞ்சம் குத்தகை நிலம் வைத்துக் குறுவையும் சம்பாவும் போடுகிறவன். இவனுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணன் வீரையன் இருந்தவரை அது மைக்செட்டுக்காரர் வீடு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் எங்களுடையதுதான். ஆனால் அண்ணனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஸ்பீக்கர் இல்லை, தொண்டை. நகைக்கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், ஆடித் தள்ளுபடி, காணாமல் போன சினைப்பசு, கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுதலாக வருகிறது, கரையில் துணி துவைக்கப் போகாதீர்கள் என்கிற எச்சரிக்கை, எல்லாவற்றையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் அவர் குரலில்தான் கேட்டார்கள். ஆள் பார்க்க ஒல்லி, குரல் மட்டும் நல்ல கனம். குரலைக் கேட்டு மயங்கி விளம்பரம் கொடுக்க வந்தவர்கள் அவரிடமே, "அவரு இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "வெளிய போயிருக்காரு, நான் அவரு தம்பி" என்று அண்ணனும் கூசாமல் சொல்வார். அப்புறம் நிஜத் தம்பியான நான் யார் என்பதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும்.

அவர் பேசினால் போதுமா? எழுதிக் கொடுப்பது, பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, பின்னால் நாதஸ்வரமோ தவிலோ சேர்ப்பது எல்லாம் அண்ணி. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர். கண்டியூரில் சீட்டுக் கிடைத்ததிலிருந்து மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான். கூட்டத்தில் ஒரு அம்மா அதன்மேல் காய்கறிப் பையை வைத்தபோது அண்ணி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டார். விண்டோஸ் 98 வந்த காலம் அது. எங்கள் தெருவில் முதல் கம்ப்யூட்டர். குழந்தைகள் ஜன்னலில் தொங்கின.

பின்கட்டு அறைதான் பதிவு அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க, சுவர் முழுக்க நெல்லுச் சாக்கை அடித்து வைத்திருந்தார் அண்ணன். மின்விசிறி கூடாது, அதன் சத்தம் பதிவாகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று மேலோடு, வியர்வை ஒழுக ஒழுக நின்றுகொண்டு பேசுவார். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பதிவை ஆரம்பித்தால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. "நிறுத்துனா சூடு ஆறிடும்டி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்பார். அதனால் அவர் இருமியது, செருமியது, தண்ணீர் கேட்டது, கடைக்காரர் பெயரை எப்படிச் சொல்வதென்று விளங்காமல் திட்டியது, அண்ணியோடு சண்டை பிடித்தது, நடுவில் என்னைக் கூப்பிட்டு மோட்டார் போடச் சொன்னது, எல்லாமே பதிவாகும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அண்ணி உட்கார்ந்து அதையெல்லாம் வெட்டி, ஒன்றரை நிமிஷ விளம்பரமாக்கி என் கையில் கொடுப்பார். நான் அதை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். வெட்டினார் என்றால் எறிந்தார் என்று அர்த்தமில்லை. அந்த மென்பொருளில் வெட்டியது திரையில்தான் மறையும், முழுப்பதிவு உள்ளே ஒரு மூலையில் அப்படியே கிடக்கும்.

எவ்வளவு நல்ல காலம் அது. நான் பெருமூச்சு விடுகிறவன் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆட்டோ பூண்டிப் பக்கம் போகும்போது வாய்க்கால் கரையில் களைபறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து அண்ணன் சொல்வதைக் கூடவே சொல்வார்கள். "வாருங்கள் வாருங்கள்" என்று அவர் இழுக்கும் இழுப்பு இரண்டு கரையிலும் பட்டுத் திரும்பும். அந்த ஆட்டோவை ஓட்டினவன் நான் என்பதில் எனக்கு அப்போது இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு மாசி மாதம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஒரே பெண் கவிப்ரியா அப்போது கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அண்ணி ஒரு மாதம் அந்த அறைக்குள் போகவில்லை. பிறகு ஒருநாள் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்து நின்றபோது, வேறு ஆள் கிடைக்காமல், தானே மைக்கைப் பிடித்துப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்பது அவர் குரலை. வேலைக்குப் புது லேப்டாப் ஒன்று வாங்கிக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரை மட்டும் சாக்கு அடித்த அறையில் அப்படியே விட்டுவைத்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் அதன் முன்னால் போய் உட்காருவார். பழைய விளம்பரம் ஒன்றைத் திறப்பார். முடித்துக் கொடுத்த விளம்பரத்தை அல்ல, அது வேண்டுமென்றால் ஊரில் பத்துப் பேரிடம் இருக்கிறது. இவர் கேட்பது நடுவில் வெட்டின இடங்களை. திரையில் அண்ணன் குரல் பச்சைக் கோடாக நடுங்கிக்கொண்டு ஓடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்ணி சிரிப்பார். அந்தச் சிரிப்புக் கேட்டால் நான் உள்ளே போகமாட்டேன், செருப்பைக்கூட சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிஸ்க் உள்ளே கடகடவென்று பல்லைக் கடித்தது. பதிவுகளை மட்டும் எடுத்து லேப்டாப்பில் போட்டால் திறக்கவில்லை. அந்த மென்பொருள் அந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடும், அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லவே இல்லை. கவிப்ரியாவிடம் சொன்னபோது அவள், "அம்மா, பழைய மிஷினை அப்படியே காப்பி எடுத்துப் புது மிஷினுக்குள்ள ஓட வைக்கலாம்மா. விர்ச்சுவல் மிஷின்னு பேரு. ஒரு பெட்டிக்குள்ள நாலு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி" என்றாள். அதற்குள் அவள் குழந்தை அழுதது, போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பாடம். மிச்சத்தை அண்ணி வீடியோ பார்த்தும், கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் பேசுகிற ஒரு இணையக் குழுவில் கேள்வி கேட்டும் தானே பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு அண்ணி இந்தத் தலைவலி? உள்ள இருக்கிற பேச்சையெல்லாம் ஒவ்வொண்ணா எம்பித்ரீயா மாத்திக்குங்க, போன்லயே கேக்கலாம்ல?" என்று நான் ஒருநாள் சண்டை போட்டேன்.

"மாத்தலாம் தம்பி. ஆனா அந்தக் கோடு வராதுல்ல" என்றார்.

"எந்தக் கோடு?"

"அவரு பேசுற கோடு. எங்க இருமுனாரு, எங்க நான் வெட்டுனேன், எங்க ஒட்டுனேன்னு எல்லாம் அதுல இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே கேட்டா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. வெறும் குரல் மட்டும் போதும்னா நான் என்ன, ரேடியோவா கேக்குறேன்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். தஞ்சாவூரில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்தோம், அதை ஆட்டோவில் ஏற்றி வந்ததும் நான்தான். பழைய டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்து அதற்குள் ஏற்றினார் அண்ணி. முதலில் ஓடவில்லை. புதுமாதிரி டிஸ்க்காகக் கொடுத்தால் பழைய விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லையாம், இந்தக் காலத்து டிஸ்க்கையே அந்தக் காலத்து டிஸ்க் மாதிரி வேஷம் போடவைத்துக் கொடுத்த பிறகு எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பழைய பச்சை நிறப் பின்னணியும் திறக்கும்போது வரும் சங்கீதமும் வந்தபோது அண்ணி கைதட்டினார். நல்லவேளை காப்பி எடுத்தோம், அடுத்த வாரமே பழைய டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிட்டது. அப்போதே இன்னொரு காப்பி எடுத்திருக்க வேண்டும்.

டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதைப் பற்றி அவர் எனக்குப் பாடம் நடத்தியது அப்போதுதான். சோறு போட்டுவிட்டு, நான் எழுந்து போக முடியாது என்று தெரிந்துகொண்டு ஆரம்பித்தார்.

"ரெண்டு வகை இருக்கு தம்பி. ஒண்ணு, இந்த மிஷினுக்கு இவ்வளவுன்னு முதல்லயே மொத்தமா வெட்டிக் குடுத்துடறது. அது போர்செட்டு மாதிரி. நீ இறைச்சாலும் இறைக்காட்டாலும் அது உன்னுது, வேற யாரும் தொடமுடியாது. இன்னொண்ணு, கணக்குல இவ்வளவுன்னு சொல்லிடறது, ஆனா எழுத எழுதத்தான் எடுத்துக் குடுக்கறது. அது வாய்க்கால் தண்ணி. எல்லாருக்கும் மடை இருக்கு, எல்லாரும் ஒரே நாளையில திறக்கமாட்டாங்கல்ல, அதனால இருக்கிற தண்ணி எல்லாருக்கும் போதும்."

"நீங்க எதை வச்சிருக்கீங்க?"

"வாய்க்கால்தான். எங்கப்பா போர் போட்டா விவசாயம் பாத்தாரு? முறை வச்சுப் பாய்ச்சி மூணு பொண்ணைக் கட்டிக் குடுத்தாரு."

கடைமடைப் பக்கத்துப் பெண் அவர். முறைத் தண்ணீரில் வளர்ந்தவருக்கு வேறு எது சரியாகப்படும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன். அந்த ஒரே டிஸ்க்கில் பழைய மிஷின் ஒன்று, அண்ணி புது வேலைகளுக்கு ஒன்று, கேமரா படம் சேர்க்க ஒன்று என்று மூன்று மிஷின்கள் உட்கார்ந்தன. சாமான் கொட்டகையில் ஆம்ப்ளிஃபயர் திருடு போன பிறகு கேமரா வைத்திருந்தோம். மூன்றுக்கும் கணக்கில் கொடுத்த இடத்தைக் கூட்டினால் டிஸ்க்கின் நிஜ இடத்தைப்போல இரண்டு பங்கு வரும். வாய்க்காலில் அது சகஜம்.

போன புரட்டாசியில் டிஸ்க் நிரம்புகிறது என்று சிவப்பு எழுத்து வந்தது. கேமராதான் காரணம். அது இராப்பகலாக மடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலிக் கொட்டகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணி முதலில், பழைய மிஷினுக்கு எடுத்து வைத்திருந்த ஸ்நாப்ஷாட்டை அழித்தார். ஸ்நாப்ஷாட் என்றால் மிஷின் ஒரு நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலையை நினைவு வைத்துக்கொள்வது, அவர் அதைத்தான் பேக்கப் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதை அழித்தும் பெரிதாக இடம் வரவில்லை. அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

டெல்டாவில் பிறந்த யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். எங்கள் ஊரில் மேல்வயல்காரன் தண்ணீரை வடித்தால் அது வீணாகப் போவதில்லை, வரப்பை வெட்டிவிட்டால் கீழ்வயலுக்குப் பாயும். ஒருத்தன் வடிகால் அடுத்தவன் வாய்க்கால். பழைய மிஷினில் வேண்டாததை வடித்துவிட்டால் அந்த இடம் மற்ற மிஷின்களுக்குப் போய்ச் சேரும் என்று அண்ணி நினைத்தார். நம்பர் போட்ட பேர்களோடு ஒரு மூலையில் கிடந்த தற்காலிகக் கோப்புகளை அழித்தார். நிரம்பிய கணக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இன்னும் அழித்தார், அப்போதும் இறங்கவில்லை. மிஷின் பொய் சொல்கிறது என்று அவருக்குக் கோபம் வந்தது, அந்த மூலையை மொத்தமாகத் துடைத்துவிட்டார். சாயங்காலம் டிஸ்க் முழுசாக நிரம்பி மூன்று மிஷின்களும் அப்படியே உறைந்து நின்றன.

கேமரா மிஷினை மொத்தமாக அழித்தபோது ஒரேயடியாக இடம் கிடைத்தது. மறுநாள் பழைய மிஷின் மறுபடி எழுந்தது. அண்ணி வழக்கம்போல ஒரு விளம்பரத்தைத் திறந்தார். நாதஸ்வரத்தின் கோடு இருந்தது. அண்ணன் குரலின் கோடு இருந்த இடத்தில் வெறும் கட்டம், கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அப்படித்தான். எதைத் திறந்தாலும் அப்படித்தான். அந்த மென்பொருள் முழுப்பதிவை வைத்திருந்தது அந்தத் தற்காலிகக் கோப்புகளில்தான், நம்பர் போட்ட பேரில்.

நான் அன்றைக்கு வயலில் இருந்தேன். முந்தின நாள் மழையில் நாற்று முங்கிக் கிடந்தது, வடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வரப்பில் வந்து நின்றார். வெயில் கொளுத்துகிறது, குடை இல்லை, காலில் செருப்பு இல்லை.

"என்ன அண்ணி?"

"உங்க அண்ணனை நானே வடிச்சு விட்டுட்டேன் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நான் செய்த காரியம், மண்வெட்டியை வீசிவிட்டு அவரைப் பார்த்துக் கத்தியதுதான். அன்றைக்கே சொன்னேனே, எம்பித்ரீயா மாத்துங்கன்னு சொன்னேனே, கோடு வேணும்னீங்களே, இப்ப எங்க அந்தக் கோடு என்று வரப்பே அதிரக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். அண்ணனுக்கு மகன் இல்லை, கொள்ளி வைத்தது நான்தான். அன்றைக்கு நான் அழவில்லை, செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன. இப்போது சேற்றில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அண்ணிதான் வரப்பிலிருந்து இறங்கி வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்தக் குழுவில் நடந்ததை எழுதிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மயிலாடுதுறையிலிருந்து பகலவன் என்பவர் போன் செய்தார். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவராம், முன்பின் பார்த்தது கிடையாது. நானும் கேட்கட்டும் என்று அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"முதல்ல அந்த மிஷினை அணைச்சிடுங்கம்மா. ஓடிக்கிட்டு இருக்கா?" என்றார் அவர்.

"ஓடுதுங்க."

"பிளீஸ், அணைங்க. அணைச்சுட்டுப் பேசுங்க."

அண்ணி ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார்.

"அழிச்சும் கணக்கு இறங்கலைன்னு எழுதியிருந்தீங்கல்ல, ஏன்னு யோசிச்சீங்களா?"

"மிஷின் கோளாறுன்னு நினைச்சேங்க."

"கோளாறு இல்லம்மா. இப்ப வர்ற விண்டோஸ்ல ஏதாவது அழிச்சா, 'இந்த இடம் எனக்கு வேண்டாம்'னு அது கீழே சொல்லும். அதுக்குத் தகுந்த மாதிரி செட்டிங் போட்டிருந்தா கீழே இருக்கிற டிஸ்க் அந்த இடத்தைப் பிடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்துடும். உங்க பழைய விண்டோஸுக்கு அப்படிச் சொல்லவே தெரியாது. பேரை மட்டும் அடிச்சுட்டு சும்மா இருந்துடும். அதனாலதான் கணக்கு இறங்கல." என்றவர் ஊரை விசாரித்தார். "நீங்க எந்த ஊர் பக்கம்?"

"திருக்காட்டுப்பள்ளிங்க."

"அப்ப உங்களுக்குப் புரியும். நீங்க வரப்பை வெட்டுனதா நினைச்சீங்க, வெட்டவே இல்லம்மா. தண்ணி வடியல. அந்த வயல்லயேதான் நிக்குது."

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாதே என்று.

ஆனால் முழுசாக நிற்கிறது என்று அவர் உறுதி சொல்லவில்லை. மிஷின் மறுபடி எழுந்து ஓடியபோது சில இடங்களில் மேலே எழுதியிருக்கும், அது போனது போனதுதான் என்றார். பழைய மிஷினின் டிஸ்க்கை வேறொரு புது டிஸ்க்கில் முழுசாகக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் தேடவேண்டும், மூலத்தைத் தொடவே கூடாது. எப்படித் தேடுவது என்று அவர் போனிலேயே வரிவரியாகச் சொன்னார், அண்ணி செய்தார். நான் தஞ்சாவூர் போய் டிஸ்க் வாங்கி வந்தேன். கவிப்ரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். விளம்பரம் கொடுக்க வந்தவர்களிடம், "அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்.

தேடியதில் நிறையக் கிடைத்தது. ஆனால் எல்லாம் குழம்பிக் கிடந்தது. பேர் இல்லை, தேதி இல்லை. பழைய மிஷின் ஒரு பதிவை ஒரே இடத்தில் எழுதாமல் அங்கங்கே துண்டாக எழுதியிருக்கும், எந்தத் துண்டுக்கு அடுத்தது எது என்கிற தொடர்பு அழிந்துபோயிருந்தது. அதனால் முகாமுக்கு வருமாறு அண்ணன் அழைக்க ஆரம்பித்தால் பாதியில் தவில் குறுக்கே வந்துவிடும். சில கோப்புகளில் வெறும் இரைச்சல். பச்சைக் கோடு, வெட்டின இடம், ஒட்டின இடம் எதுவும் இனி கிடையாது. அண்ணி அவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்ற நினைத்தது அந்தக் கோட்டைத்தான், அது போயே போய்விட்டது. கிடைத்தது வெறும் குரல், அதுவும் துண்டு துண்டாக.

"எவ்வளவு தேறும்மா?" என்று கவிப்ரியா கேட்டாள்.

"கேட்டாத்தான் தெரியும். ஒவ்வொண்ணா கேக்கணும்" என்றார் அண்ணி.

கேட்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். கிடைத்ததை எல்லாம் இரண்டு டிஸ்க்குகளில் காப்பி போட்டு, ஒன்றைக் கவிப்ரியாவிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். "ஒரே வீட்ல இருந்தா அது காப்பியே இல்லை தம்பி" என்றார். இந்தப் பாடத்தை அவர் சோறு போடாமலே நடத்தினார், நானும் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டேன். என் டிஸ்க் இப்போது எங்கள் வீட்டு பீரோவில், என் பெண்டாட்டியின் பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கிறது. இடத்தை விட்டுக்கொடுத்தது அவள்தான், யாரும் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாரும் அந்தச் சாக்கு அடித்த அறைக்குள் போனோம். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடலாம் என்று அண்ணியே சொன்னார். அத்தனை வருஷமாகத் தனியாகக் கேட்டவர். கவிப்ரியா தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். நான் கதவோரம் நின்றேன். மத்தியான வெக்கையில் அறை அடுப்பாகக் கொதித்தது, ஆனாலும் மின்விசிறியைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

முதல் கோப்பில் இரைச்சல். இரண்டாவதில் ஒரு பாத்திரக்கடை, பாதியில் நாதஸ்வரம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அடுத்ததுக்குப் போகக் கையை வைத்தார். அப்போது ஸ்பீக்கரில் யாரோ செருமினார்கள். மைக்கில் விரலால் இரண்டு தட்டு. அந்தத் தட்டிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

"ஆனந்தி" என்றார் அண்ணன், மிகப் பக்கத்திலிருந்து. விளம்பரத்துக்குப் பேசுகிற குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல். "ஆனந்தி, கேக்குதா?"

பதிலுக்கு அன்றைக்கு அண்ணி என்ன சொன்னாரோ, அந்தத் துண்டில் அது இல்லை. அதற்குள் தவில் வந்துவிட்டது. அண்ணி அதை நிறுத்தினார். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேக்குதுங்க" என்றார். "சொல்லுங்க."